கேட்டபின் தீர்ப்பா, தீர்த்தபின் கேள்வியா?

மக்களின் தலைவிதியை மக்களைக் கேளாது எழுதுதல் அநீதி. அரசுக்குப் பொருந்தும் இந்நியாயம் ஆலயத்துக்குப் பொருந்தாது என்பார் உளரோ?

குருமார் குறைந்தனர், சபையோர் சுருங்கினர், ஆதலின் இரண்டு மூன்று பங்குகளை ஒன்றாக்குவோம் என்னும் பேச்சு இன்று பல நாடுகளில் எழுகின்றது. ஹந்தானைச் சாரலிலோ மலையகத்தின் வேறெத் தோட்டத்திலோ அப்பேச்சு எழுமாயின், தொழிலாளி முதற்கண் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: எம் சபை சுருங்கியது எவரால்?

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டந்தோறும் சபைகளை வளர்த்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவின் பங்கென்றும், 300,000 பேரை இலங்கையின் பங்கென்றும் பிரித்தது. அக்கணக்கு அவர்களைக் கேட்டா எழுதப்பட்டது? அன்று வெறுமையாக்கப்பட்ட ஆசனங்களைச் சுட்டிக்காட்டி, இன்று எஞ்சியோரின் ஆலயத்தை மூடுவது இரட்டைத் தண்டனையன்றோ?

சட்டம் கூறுவது யாது? கத்தோலிக்கரின் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 515ஆம் விதி, பங்கை ஆக்கவும் அழிக்கவும் ஆயருக்கே அதிகாரம் அளிக்கின்றது. குருக்கள் மன்றத்தைக் கேட்டல் மட்டுமே அங்கு கட்டாயம். இதனைக் காட்டிப் பொதுமக்களுக்கு வாயில்லை என்பர் சிலர். அவர்கள் 50ஆம் விதியையும் படிக்கட்டும். ஆணை பிறப்பிக்குமுன், எவருடைய உரிமை பாதிக்கப்படுமோ அவரை இயன்றவரை கேட்கவேண்டும் என்கிறது அது. குருமார் பற்றாக்குறை மட்டும் ஒரு பங்கை ஒழிக்கத் தக்க காரணமன்று என்று 2020இல் வத்திக்கானே அறிவுறுத்தியது. ஆணையை மீளாய்வு செய்யுமாறு எழுத்தில் கோர 1734ஆம் விதி தரும் அவகாசம் 10 நாட்கள். மலையுச்சி லயத்தில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அவ்வாணை அவளுக்கு விளங்கும் தமிழில் எட்டுமுன் அந்நாட்கள் கழிந்துவிடின், உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

இணைப்பே தீதென்று யாம் கூறவில்லை. ஒரே குருவானவர் பல மலைகள் ஏறியிறங்கும் துன்பத்தை யாமறிவோம். பிலிமத்தலாவையில் 1963இல் நிறுவப்பட்ட இலங்கை இறையியற் கல்லூரியில் பல சபையினரும் ஒருங்கே பயில்கின்றனர். ஒன்றுபடல் இயலாததன்று. ஆயினும் 1972ஐ மறத்தலாகாது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து, பிரெஸ்பிற்றேரியன் சபைகளும், தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண அத்தியட்சாதீனமும் பல்லாண்டு பேசி வகுத்த ஐக்கியத் திட்டம், தொடக்கவிழாவின் வாயிலில் அங்கத்தவர் சிலர் தொடுத்த வழக்கினால் நின்றது, இன்றும் நிறைவேறவில்லை. பெரும்பான்மை இசைந்தது போதாது. இசையாதவர் குறையும் தீர்க்கப்படல் வேண்டும் என்பதே அதன் பாடம்.

எனவே எமது கோரிக்கை நான்கு. முடிவுக்கு முன்னரே வரவுசெலவும் உறுப்பினர் தொகையும் மக்கள்முன் வைக்கப்படுக. கூட்டம் தமிழிலும், தொழிலாளர் ஓய்வுநாளிலும், தோட்டத்திலேயே நடைபெறுக. இணைந்தபின் தமிழ் வழிபாடும், கல்லறை நிலமும், பேருந்துச் செலவும் என்னாகும் என்பது எழுத்தில் உரைக்கப்படுக. மக்கள் கூறிய ஒவ்வோர் ஆட்சேபனைக்கும் காரணங்காட்டி மறுமொழி தரப்படுக.

முடிவைப் பையில் வைத்துக்கொண்டு கருத்துக் கேட்பது கலந்தாலோசனையன்று, அறிவித்தல் மட்டுமே. நாட்டின் ஏட்டில் பெயரின்றி அரைநூற்றாண்டுக்கு மேல் அலைந்த மக்கள், தம் முன்னோர் கல்சுமந்து எழுப்பிய ஆலயத்திலேனும் பெயரும் குரலும் உடையோராய் இருத்தல் வேண்டும். கேட்டபின் தீருங்கள்!