பெட்டியை மாற்றும் முன் ஃபேஸைப் பாருங்கள்

பள்ளத்தூரில் எங்கள் உறவினர் வீடு ஒன்று உள்ளது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் முகப்பில் உள்ளன. ஆச்சி இருப்பது இரண்டாம் கட்டில். சிங்கப்பூரிலிருந்து பேரன் வீடியோ காலில் வந்தால் படம் அப்படியே நின்றுவிடும். செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவர்கள் வைஃபை சிக்னலை விடுவதில்லை.

கடைக்காரர் ஒரு ஜோடி பவர்லைன் அடாப்டரும் இரண்டாவது ரவுட்டரும் கொடுத்தார். வீட்டு மின்சார ஒயரிலேயே டேட்டாவையும் அனுப்பும் கருவி இது. மாட்டியும் இணையம் வரவில்லை. "இதைவிடப் பெரிய மாடல் வாங்குங்கள்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். கோளாறு ரவுட்டரிலா, ஒயரிங்கிலா என்று தெரியாமல் பெட்டியை மாற்றினால் பணம்தான் போகும்.

கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும். முதலில், இரண்டாவது ரவுட்டரை முகப்புக்கே எடுத்து வந்து, சிறிய லேன் கேபிளால் முதல் ரவுட்டருடன் நேரடியாக இணையுங்கள். அப்போதும் இணையம் வரவில்லை என்றால் தவறு செட்டிங்கில். அடுத்து, இரண்டு அடாப்டர்களையும் ஒரே அறையில் அருகருகே உள்ள பிளக்குகளில் செருகுங்கள். அங்கே வேலை செய்து, பின்கட்டில் செய்யாவிட்டால் தவறு ஒயரிங்கில்.

இந்த வீட்டில் இரண்டுமே இருந்தன. இரண்டு ரவுட்டர்களுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. இரண்டுமே டிஹெச்சிபி மூலம் முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி, டிஹெச்சிபியை நிறுத்தி, கேபிளை வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகினோம். அந்தக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்தது ஃபேஸ். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. முகப்பு பிளக் ஒரு ஃபேஸில், பின்கட்டு பிளக் வேறொன்றில். ஃபேஸ் மாறினால் சிக்னல் மிகவும் பலவீனமாகிவிடும், சில வீடுகளில் வரவே வராது. எலக்ட்ரீஷியனை அழைத்து இரண்டு பிளக்கையும் ஒரே ஃபேஸுக்கு மாற்றினோம். இதை நீங்களே செய்ய முயல வேண்டாம். ஸ்பைக் பஸ்டர், யுபிஎஸ் வழியாகவும் அடாப்டரைச் செருகாதீர்கள். அவற்றில் உள்ள ஃபில்டர் சிக்னலைத் தின்றுவிடும்.

அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணையும் நம்ப வேண்டாம். 2005-ல் வந்த ஹோம்பிளக் ஏவி 200 எம்பிபிஎஸ் என்றது. நடைமுறையில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. 500 என்று அச்சிட்ட பல மாடல்களில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். வீடியோ காலுக்குச் சில எம்பிபிஎஸ் போதும். ஆச்சிக்குத் தேவை வேகமல்ல, விட்டுவிடாத இணைப்பு.

என் கருத்து இதுதான். பவர்லைன் அடாப்டர் நல்ல கருவி, ஆனால் உங்கள் ஒயரிங் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுதான் அதுவும். ஒயரிங் மிகப் பழையது என்றால், வளவுத் தாழ்வாரத்தை ஒட்டி ஒரு கேட் 6 கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். சுவரை இடிக்க வேண்டாம், ஃபேஸும் பார்க்க வேண்டாம்.

இப்போது பேரன் பேசும்போது ஆச்சி முகப்புக்கு நடந்து வருவதில்லை.