மோட்டார் கொட்டகையில் குருவிக் கூடு: கலைப்பதா, காப்பதா?

கிணற்றடி மோட்டார் கொட்டகையில் சிட்டுக்குருவி கூடு கட்டுவது விவசாயிகள் அனைவரும் அறிந்ததே. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைக்கோலும் நாரும் பஞ்சும் அடைந்திருப்பதைக் கண்டதும், கையை விட்டு வழித்து வெளியே எறிவது பலருடைய வழக்கம். இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவதாக, மின்சாரத்தை நிறுத்தாமல் பெட்டிக்குள் கைவிடுவது உயிருக்கே ஆபத்து. இரண்டாவதாக, குருவி தானியம் தின்றாலும் தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது. பூச்சிகளைத் தின்னப் பறவைகள் வரட்டும் என்று ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கிகள் நடச் சொல்கிறோம். அவ்வாறிருக்கக் கூட்டை எறிவது என்ன நியாயம்? மூன்றாவதாக, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அட்டவணையிலுள்ள பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் குலைப்பதையும் வேட்டையாகவே கருதுகிறது.

அதற்காகக் கூட்டை அப்படியே விட்டுவிடவும் முடியாது. ஸ்டார்ட்டர் இயங்கும்போது தெறிக்கும் பொறி காய்ந்த வைக்கோலில் பட்டால் தீப்பிடிக்கும். முட்டையைத் தேடிப் பாம்பும் வரும்.

2020-ஆம் ஆண்டில் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டியில் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சுகள் பறந்து செல்லும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊர் மக்கள் தெருவிளக்கு இல்லாமலே இருந்தனர். போற்றத்தக்க செயல். ஆனால் தெருவிளக்கு காத்திருக்கும். வாடும் பயிர் காத்திருக்காது. ஆகவே கூடு கட்டுமுன் தடுப்பதே அறிவுடைமை.

தடுக்கும் முறை

குருவி நுழைய ஒன்றேகால் அங்குல ஓட்டை போதும். மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிய பின், வயர் நுழையும் ஓட்டைகளில் ரப்பர் வளையம் பொருத்துங்கள். மற்ற ஓட்டைகளைத் தகடு வைத்து மூடுங்கள். பெட்டிக் கதவு இறுகச் சாத்தும்படி கொக்கியைச் சரி செய்யுங்கள். கொட்டகையின் காற்றுத் துவாரங்களுக்கு அரை அங்குலக் கண் கொண்ட கம்பி வலை அடியுங்கள். துவாரங்களை முழுவதும் அடைத்துவிட்டால் மோட்டார் சூடாகும். நாள்கணக்கில் நிற்கும் டிராக்டரின் புகைக்குழாய்க்கு மூடி போடுங்கள். கிளப்புமுன் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

மினுங்கும் நாடா, பழைய துணி ஆகியவை சில நாள் பயன் தரும். பின்பு பறவைகள் பழகிவிடும். பசை தடவுவது, விஷம் வைப்பது, தொளதொளப்பான மீன்வலை கட்டுவது ஆகியவை கூடாது. வலையில் கால் சிக்கிய பறவை துடிதுடித்துச் சாகும்.

கூடு கட்டிவிட்டால்

வெறும் வைக்கோல் மட்டுமே இருந்தால், மின்சாரத்தை நிறுத்தி எடுத்துவிட்டு அன்றே ஓட்டையை மூடுங்கள். மூடாமல் விட்டால் மறுநாளே திரும்பக் கட்டும். முட்டையோ குஞ்சோ இருந்தால் பொறுத்திருங்கள். அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இரண்டு வாரம், ஏறக்குறைய ஒரு மாதக் கணக்கு. தாய்ப்பறவை அலகில் பூச்சியுடன் வந்தால் உள்ளே குஞ்சு உண்டு என்று அறியலாம். அப்போது ஓட்டையை மூடிவிடாதீர்கள். குஞ்சுகள் பறந்த உடனே மூடிவிடுங்கள். தாமதித்தால் அதே ஜோடி அடுத்த ஈட்டுக்கு வந்துவிடும்.

அந்த மாதத்தில் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வேறு வழியே இல்லையெனில், வனத்துறையினரைக் கலந்து, மின்பணியாளரைக் கொண்டு, கூட்டைக் குலையாமல் எடுத்து, சில அடி தூரத்தில் அதே உயரத்தில் ஒரு சிறு பெட்டியில் வைக்கலாம். குஞ்சுகளின் குரல் கேட்டுத் தாய் வரக்கூடும். முட்டையாக இருந்தால் அந்த வாய்ப்பு குறைவு. எனவே இதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும்.

ஓட்டையை மூடுவதோடு, குருவிக்கு ஓர் இடமும் கொடுங்கள். ஒன்றேகால் அங்குல ஓட்டையிட்ட மண்கலயம் ஒன்றை, மோட்டாருக்கு எட்டத்தில், வெயில் படாத சுவரில், எட்டு அல்லது பத்தடி உயரத்தில், பூனை எட்டாதபடி கட்டுங்கள். ஒரு ரப்பர் வளையமும் ஒரு கலயமும் பெரிய செலவல்ல. எரிந்த ஸ்டார்ட்டரைப் புதிதாக வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வாரமே உங்கள் கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, எந்த ஓட்டை திறந்திருக்கிறது என்று கவனியுங்கள்.