நிழல் விழாத விமானமும் நின்றுபோன செயற்கைக்கோளும்

கருமத்தம்பட்டியில் விசைத்தறி நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர், தம் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த செய்தி ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை என்பது அது. அவர் அதை எந்த நூலிலும் படித்தவரல்லர். ஞாயிறு காலையில் தொலைக்காட்சியில், கணீரென்ற குரலில், பின்னே சங்கொலி முழங்கக் கேட்டவர். பள்ளிச் சுற்றுலாவில் தஞ்சை சென்ற பேரன் காலை எட்டு மணிக்கு ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் அனுப்பினான். விமானத்தின் பெருநிழல் கோயிலின் பின்புறத் திருச்சுற்றில் நீண்டு படுத்துக் கிடந்தது. “அப்புச்சி, நெழல் நல்லாத்தானே விழுகுது?” என்று ஒரு வரியும் உடன் வந்தது.

நிழல் விழுந்ததால் பெருவுடையாருக்கு ஒரு குறையும் இல்லை. குறை நேர்ந்தது வேறிடத்தில். அடுத்த திங்களில் பெரியவர் அவிநாசித் தலத்தில் சுந்தரர் முதலையுண்ட பாலனை மீட்ட வரலாற்றைச் சொல்லத் தொடங்கியபோது, “இதுவும் டி.வி.யில சொன்னதா, அப்புச்சி?” என்று பேரன் கேட்டான். குறும்பாகக் கேட்டானா, மெய்யாகவே ஐயுற்றுக் கேட்டானா என்பது பெரியவருக்கு விளங்கவில்லை. அன்று கதை பாதியில் நின்றது.

கோயில் மண்டபத்தில் பிரதோஷ வழிபாடு முடிந்து அமரும் முதியோரிடையே இப்போது தொலைக்காட்சி பற்றிய பேச்சு மிகுந்திருக்கிறது. தொடர்களைப் பற்றிய பேச்சன்று. அவற்றை மருமகள்களுக்கு விட்டுவிட்டார்கள். கோயில் வரலாறு, அகழாய்வு, விலங்குகள், விண்வெளி என்று அறிவு புகட்ட வரும் நிகழ்ச்சிகளைப் பற்றியே பேச்சு. விலங்குப் படங்களை விரும்பும் அம்மையார் ஒருவர், சிறுத்தை மானைத் துரத்தத் தொடங்கியதும் ஒலியை அடைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவார். யானை என்றால் மட்டும் எழ மாட்டார். முதுமலைத் தெப்பக்காட்டு முகாமில் ரகு என்னும் யானைக்குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றபோது, பேத்தியின் கைப்பேசியில் அதை இருமுறை பார்த்தார். அந்தப் படத்தில் யாரும் முழங்கவில்லை, யாரும் வியந்து கூவவில்லை, யானை தானாகவே கும்பிட வைத்தது என்பது அவர் தீர்ப்பு. திறனாய்வாளர் பலர் பக்கம் பக்கமாக எழுதியதைக் காட்டிலும் இது நல்ல தீர்ப்பு.

கோயில் நிகழ்ச்சிகளில்தான் அந்த அடக்கம் அரிதாகிவிட்டது. “விஞ்ஞானிகளே வியந்து நிற்கிறார்கள்” என்ற தொடர் வராத நிகழ்ச்சி அபூர்வம். எந்த விஞ்ஞானி, எந்த ஆண்டில், எங்கே எழுதினார் என்பது மட்டும் ஒருபோதும் வராது. திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வரும் செயற்கைக்கோள்கள் சில நொடிகள் நின்றுவிடுகின்றன என்ற கதை இவ்வாறு பரவியதே. பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் விரைகிறது. அந்த விரைவு இருப்பதால்தான் விழாமல் சுற்றுகிறது, நின்றால் விழுந்துவிடும். தொலைக்காட்சி ஒளிபரப்புக்குரிய செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். ஆனால் அதன் இடம் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே. திருநள்ளாறோ அதற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. அந்தக் கதையை வீடுதோறும் கொண்டு சேர்த்ததும் அத்தகைய செயற்கைக்கோளே என்பது ஒரு வேடிக்கை.

சிதம்பரம் பூமியின் காந்த நடுக்கோட்டில் அமைந்தது என்பது இன்னொன்று. அந்தக் கோடு எங்கே செல்கிறது என்பதை நம் நாட்டு விண்வெளி ஆய்வின் வரலாறே சொல்லும். 1963 நவம்பர் 21இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்படத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், காந்த நடுக்கோடு அதன் அருகே சென்றதுதான். தில்லையோ தும்பாவுக்கு ஏறக்குறைய மூன்று பாகை வடக்கே இருக்கிறது. அதே மூச்சில் சொல்லப்படும் மற்றொரு செய்தியில் உண்மை உண்டு. சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில், திருக்காளத்தி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில் அமைந்துள்ளன; நிலப்படம் விரித்து எவரும் பார்த்துக்கொள்ளலாம். உண்மையையும் புனைவையும் ஒரே தட்டில் பரிமாறுவதால் நேரும் கேடு இது: பேரப்பிள்ளை ஒன்றைப் பொய்யென்று கண்டதும் மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறான்.

இவற்றுக்காக எதை விட்டுவிடுகிறார்கள் என்று எண்ணும்போதுதான் வருத்தம் மிகுகிறது. தஞ்சை விமானத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசும் நிகழ்ச்சி, அதன் சுவரில் உள்ள எழுத்துகளைப் பற்றி அரை நிமிடம்கூடப் பேசுவதில்லை. இராசராசன் தான் கொடுத்தது, தமக்கை குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, பிறர் கொடுத்தது அனைத்தையும் கல்லில் வெட்டச் சொன்னான். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்து உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்த செய்தி அங்கே இருக்கிறது. கோயில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்கள், அவரவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியமர்ந்தார் என்பது வரை இருக்கின்றன. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு விளக்கு அணையாதிருக்க எத்தனை கைகள் உழைத்தன என்பதைக் கேட்டால், ஆடு வளர்த்த கொங்கு நாட்டு முதியவருக்கு உடனே கணக்கு விளங்கும், நெஞ்சும் நெகிழும். நிழல் கதையில் இந்த நெகிழ்ச்சி கிடைக்குமா?

நல்ல நிகழ்ச்சிகள் வராமலும் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதன் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியை மண்டபத்தில் பலரும் இன்றும் நினைவுகூர்கிறார்கள். காட்சியில் பளபளப்பு இராது. உரம், பூச்சி, விதை என்று மெதுவாகப் பேசுவார்கள். ஆனால் சொன்னதை மறுநாள் வயலில் செய்து பார்க்கலாம். பொய்யானால் பயிரே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த நாளில் ஞாயிறு காலையில் ஒளிபரப்பான, சியாம் பெனகல் இயக்கிய ‘பாரத் ஏக் கோஜ்’ என்ற 53 பகுதித் தொடரையும் மறவாதவர் உண்டு. இந்தி விளங்காதவர்களும் அதன் தொடக்கப் பாடலுக்காக அமர்ந்திருப்பார்கள். அது இருக்கு வேதம் பத்தாம் மண்டலத்தின் நாசதீய சூக்தத்தைத் தழுவியது. படைப்பு எங்கிருந்து வந்தது என்று வினவிச் செல்லும் அந்தச் சூக்தம், உயர்வானில் இருந்து இதைக் காண்பவன் அறிவான், அல்லது அவனும் அறியானோ என்று ஐயத்திலேயே முடிகிறது. அறியாததை அறியோம் என்று கூற வேதமே கூசவில்லை. தொலைக்காட்சி அறிவிப்பாளர் மட்டும் ஏன் கூசுகிறார் என்பது தெரியவில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அண்மையில் மண்டபத்தில் எடுத்துவைத்த செய்தி இவை அனைத்தினும் ஆராயத்தக்கது. அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் 1980இல் வழங்கிய ‘காஸ்மாஸ்’ தொடர் 13 பகுதிகள் கொண்டது. அதன் பத்தாம் பகுதியில் அவர் தமிழ்நாட்டுக்கு வருகிறார். பொங்கல் விழாவைக் காட்டுகிறார். சோழர் காலத்து நடராசர் திருமேனியின் முன் நின்று பேரண்டத்தின் தோற்றத்தையும் ஒடுக்கத்தையும் பேசுகிறார். பிரமனின் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் 864 கோடி ஆண்டுகள் என்ற நம் கணக்கையும் எடுத்துரைக்கிறார். இன்றைய அறிவியல் பூமிக்குக் கூறும் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள், பேரண்டத்துக்கு 1380 கோடி. இத்தகைய பெருங்காலத்தை எண்ணத் துணிந்த சமயம் இது என்று அவர் போற்றியதை வாட்ஸ்அப்பில் பெறாத வீடு இராது. ஆனால் அவர் அந்த இடத்திலேயே, இந்தப் பொருத்தம் ஐயமின்றித் தற்செயலானது என்றும் சேர்த்துச் சொன்னார். பரப்புவோர் அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிடுகிறார்கள்.

ஆசிரியர் முழுப் பகுதியையும் போட்டுக் காட்டியபோது மண்டபத்தில் சிறிது முகவாட்டம் இருந்தது. “நம்மளை மெச்சிட்டு, கடைசியில இப்படிச் சொல்லிட்டாரேங்க” என்றார் ஒருவர். ஆசிரியரின் மறுமொழி சுருக்கமானது: “நடராசருக்கு அவரு சர்ட்டிபிகேட் எதுக்குங்க? சிலையைப் பார்த்து நின்னாரு பாருங்க, அதைப் பாருங்க.” உண்மையில் அந்தக் காட்சியில் காண வேண்டியது அதுவே. கடல் கடந்து வந்த ஓர் ஐயவாதி, தாம் ஏற்காததை ஏற்றதாக நடிக்காமல், அழகிற்கும் ஆழத்திற்கும் தலை வணங்குகிறார். தற்செயல் என்ற சொல்லோடு கேட்கும்போதுதான் அவருடைய பாராட்டுக்கு எடை கூடுகிறது. ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2004இல் நிறுவப்பட்ட நடராசர் சிலைக்கும் இது பொருந்தும். அது இந்திய அரசு வழங்கிய அன்பளிப்பு. அங்குள்ள அறிவியலாளர்கள் அதனை நாள்தோறும் பூசித்துவிட்டு ஆய்வு தொடங்குகிறார்கள் என்று கதை கட்டத் தேவையில்லை.

இனி, பாதியில் நின்ற சுந்தரர் கதைக்கு வரலாம். அவிநாசி, கருமத்தம்பட்டியிலிருந்து சில கல் தொலைவே. அங்கே முதலைவாய்ப் பிள்ளை உற்சவம் இன்றும் நடக்கிறது. அந்தக் குளக்கரையில் நிற்கும் அடியார் எவரும் முதலையின் வயிற்றில் காற்று எவ்வளவு நேரம் இருக்கும் என்று விலங்கியலாரைக் கேட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இழந்த பிள்ளையை, வளர்ந்த பருவத்தோடு திருப்பித் தருமாறு ஒரு தோழர் தம் இறைவனிடம் உரிமையோடு கேட்கிறார். பெற்றவர்களின் கண்ணீர் துடைக்கப்படுகிறது. அற்புதம் அற்புதமாகவே சொல்லப்படுகிறது. அதற்குச் செயற்கைக்கோள் சாட்சி கேட்கப்படவில்லை. பெரியவர் பேரனிடம் சொல்லியிருக்க வேண்டியது இதுவே: “இது டி.வி.யில சொன்னதில்ல கண்ணு, பெரிய புராணம் சொன்னது. நான் நம்பறது.”

அவர் இன்னும் அதைச் சொல்லவில்லை. விடுமுறைக்குப் பேரன் வருவதாக இருக்கிறது. மண்டபத்தில் மட்டும் ஒரு மாற்றம். “டி.வி.யில சொன்னாங்க” என்று யாரேனும் தொடங்கினால், தூணோரம் இருந்து ஒரு குரல் உடனே எழுகிறது: “யாரு சொன்னாங்களாமுங்க?”