"நீங்கள் வண்டியிலேயே இருங்கள்"



பெருநாள் கழிந்த மறுநாள் நம் குடும்பங்கள் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் மலைக்கும் புறப்படுகின்றன. பிரியாணிச் சட்டி, பாய், தண்ணீர்க் கேன், பிள்ளைகளின் பந்து என எதையும் நாம் மறப்பதில்லை. வேன் போய் நின்றதும் எல்லோரும் இறங்குகிறார்கள். மூட்டு தேய்ந்த உம்மம்மாவும் கால் ஊன்ற இயலாத பிள்ளையும் மட்டும் உள்ளே இருக்கிறார்கள். "நீங்கள் வண்டியிலேயே இருங்கள், ஐஸ்கிரீம் வாங்கி வருகிறோம்" என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்விடுகிறோம். இதை அன்பு என்றே நினைத்துக்கொண்டும் இருக்கிறோம்.

எழுதுகிற எனக்கும் இதில் பங்குண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் மத்ரஸா மாணவர்களை ஒரு மலைப்பகுதிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். சக்கர நாற்காலியில் வந்து ஓதும் மாணவன் ஒருவன் எங்களிடம் இருக்கிறான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் தந்தையிடம் நானே சொன்னேன்: "பாய், அங்கே படிக்கட்டு அதிகம். பிள்ளை சிரமப்படுவான். இந்த முறை வீட்டில் இருக்கட்டும்." அவர் மறுபேச்சின்றி "சரிங்க ஹஜ்ரத்" என்றார். நாங்கள் திரும்பி வந்த மறுநாள், பாடம் ஒப்புவித்து முடித்ததும் அந்தப் பிள்ளை கேட்டான்: "ஹஜ்ரத், அங்கே எத்தனை படி இருந்தது?"

எனக்குத் தெரியவில்லை. நான் யாரிடமும் விசாரித்திருக்கவில்லை. படி இருக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

இப்படிப்பட்டவர்களுக்கு நாம் உடனே எடுத்துக் கொடுப்பது ஸப்ரு என்னும் சொல்லை. பொறுமை கொள், அல்லாஹ் கூலி தருவான் என்கிறோம். கூலி தருவான், அதில் ஐயமில்லை. ஆனால் எதன்மீது பொறுமை? கால் நடக்காதது இறைவனின் நாட்டம். பூங்கா வாசலில் சரிவில்லாமல் ஒன்பது அங்குலப் படியைக் கட்டியவர் ஒப்பந்தக்காரர். இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதி, ஒப்பந்தக்காரரின் பிழையைத் தக்தீர் மீது சுமத்துவது எந்த வகை ஈமான்? பாதையில் மக்களுக்குத் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் மேடைதோறும் பேசுகிறோம். முள்ளையும் கல்லையும் தாண்டி நம் விளக்கம் செல்வதில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த ஒன்பது அங்குலப் படிதான் முள்.

நம் ஊர்ப் பூங்காக்களைச் சற்று உற்றுப் பாருங்கள். இருசக்கர வாகனம் நுழையக் கூடாது என்று வாசலில் இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக நட்டிருப்பார்கள். அந்த வளைவில் சக்கர நாற்காலி திரும்பாது. உள்ளே நடைபாதைக் கற்களை மரவேர்கள் தூக்கி நிறுத்தியிருக்கும். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைக் கைத்தடி கண்டுபிடித்துச் சொல்லாது. பார்வையற்றவரின் நெற்றிதான் கண்டுபிடிக்கும். சரிவுப்பாதை எங்கேனும் இருந்தால், ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்னும் விதியை மறந்து மூன்று அடிக்குள் முடித்திருப்பார்கள். அதற்குச் சறுக்குமரம் என்று பெயரிடலாம். கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

2023 நவம்பரில் அரசு, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காணும் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம்தான். சர்க்கரை நோய்க்கும் இதயத்துக்கும் நடை மருந்து என்றால், நடக்க இயலாதவரின் உடலுக்கு வெளிக்காற்றும் அசைவும் வேண்டாமா? கைகளால் சக்கரத்தை உருட்டிச் செல்பவருக்கு அந்த 8 கிலோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர் உண்டு என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை.

சென்னை மெரினாவுக்கு வருகிறேன். சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் மணலில் உடனே புதைந்துவிடும். தள்ளத் தள்ள நாற்காலி முன்பக்கம் சாயும். ஆகவே டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடும் வழக்கம் இருந்தது. 365 நாளில் சில நாட்கள் கடல்! பிறகு 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1 கோடியே 14 லட்சம் ரூபாய். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது.

அப்போது எழுந்த கேலி நினைவிருக்கிறதா? "வரிப்பணம் கடலில் போயிற்று" என்றார்கள். நம்மவர்களும் அதைக் கைப்பேசியில் பகிர்ந்து சிரித்தார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் தெருச் சாலைகள் கரைந்து போகின்றன. அதற்காகச் சாலையே வேண்டாம் என்று எவரேனும் சொன்னதுண்டா? ஒழுங்காகப் போடவில்லை என்று திட்டுகிறோம், மீண்டும் போடச் சொல்கிறோம். நடப்பவரின் பாதை உடைந்தால் பராமரிப்புக் குறை. நடக்க இயலாதவரின் பாதை உடைந்தால் வீண் செலவு! (அந்தப் பாதை பின்னர்ச் செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. அந்தச் செய்தியை எவரும் பகிர்ந்ததாக எனக்கு நினைவில்லை.)

சென்ற ஆண்டு என் மாணவனை அங்கே அழைத்துச் சென்றேன். பாதை நிறைய ஆட்கள். கைப்பிடியின்மேல் சாய்ந்து படம் எடுப்பவர்கள், ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள், பலூன்காரர். வழிவிடச் சொல்லிச் சொல்லியே நகர்ந்தோம். தொப்பியணிந்த நம் இளைஞர் நால்வரும் அக்கூட்டத்தில் இருந்தனர். நான் ஸலாம் சொன்ன பிறகே அவர்கள் திரும்பிப் பார்த்து ஒதுங்கினர். முனைக்குப் போய்ச் சேர்ந்த பின் அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மஃரிபுக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"சில பேருக்காக இவ்வளவு செலவா?" என்று கேட்பவர்களுக்கு: 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். நிறைமாதக் கர்ப்பிணியும், அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரும், நம் உம்மம்மாக்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை. சட்டமும் இதைத் தயவாகக் கருதவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில் பொழுதுபோக்கை உரிமையாகவே சொல்கிறது. வெளிப்புற முகாம்களையும் சாகச நடவடிக்கைகளையும்கூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்கலாகாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

இயற்கை இயற்கையாகவே இருக்கட்டும், காட்டுக்குள் சிமெண்ட் போடலாமா என்று கேட்போர் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாச் சிகரத்துக்கும் பாதை போடச் சொல்லவில்லை. ஏரிக்கரையோரம் இறுக்கமான, சமமான, செங்குத்தாக ஏறாத ஒரு பாதை போதும். இடையிடையே அமர ஓர் இடம் வேண்டும். அதுவும் இயலாத இடத்தில், வாசலில் ஒரு பலகையாவது வையுங்கள்: நீளம் இவ்வளவு, படிகள் இத்தனை, ஏற்றம் இவ்விடத்தில் தொடங்குகிறது. வருவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். அவருக்காக நான் முடிவு செய்ததுதான் என் தவறு.

உம்ரா சென்று வந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஸஃபாவும் மர்வாவும் இரு குன்றுகள். அன்னை ஹாஜரா (அலை) தண்ணீர் தேடி ஓடிய இடம் அது. இன்று அங்கே ஸஃயி செய்யும் பாதையின் நடுவில் சக்கர நாற்காலிகளுக்கென்று தனி வழி இருக்கிறது. உங்களுள் எத்தனையோ பேர் அவ்வழியில் தாயைத் தள்ளிச் சென்றிருப்பீர்கள். நோயுற்றிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களை, வாகனத்தில் அமர்ந்தபடியே தவாஃப் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கூடாரத்திலேயே இருங்கள் என்று சொல்லவில்லை. மக்காவில் அந்தத் தனி வழியைக் கண்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன நாவு, மெரினாவில் அதையே வீண் செலவு என்று சொல்லலாமா?

எங்கள் மத்ரஸாவின் இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு இன்னும் இடம் முடிவாகவில்லை. அந்த மாணவன் மூன்று இடங்களின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறான். முதல் இடத்துக்குத் தொலைபேசியில் பேசி, உள்ளே எத்தனை படிகள் என்று கேட்டேன். எடுத்தவருக்குத் தெரியவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லையாம். எண்ணிப் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.