தொப்பியை வைத்துக்கொண்டோம், கலகத்தைத் தொலைத்துவிட்டோம்

நமது விழா மேடைகளில் ஒராபி பாஷாவின் பெயர் வரும்போது கூடவே இரண்டு தகவல்கள் வரும். இலங்கை முஸ்லிம்களிடையே துருக்கித் தொப்பியைப் பரவச் செய்தவர் அவர் என்பது ஒன்று. 1892இல் மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கப்பட்டபோது அறிஞர் சித்தி லெப்பைக்கும் வாப்பிச்சி மரிக்காருக்கும் துணைநின்றவர் என்பது மற்றது. கொழும்பில் அவர் பெயரால் ஒரு வீதி இருக்கிறது. கண்டியில் அவர் குடியிருந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. இவ்வளவும் போதுமே என்று நினைப்பவர்களே நம்மில் அதிகம்.

எனக்குப் போதவில்லை. அந்த மனிதரை இங்கே ஏன் கொண்டுவந்து இறக்கினார்கள் என்ற கேள்விக்கு இந்த இரண்டு தகவல்களிலும் பதில் இல்லை. 1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியவர் கல்விமானோ விருந்தாளியோ அல்லர். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது நாடுகடத்தலாக மாற்றப்பட்ட ஒரு கைதி. பட்டமும் சொத்தும் பறிக்கப்பட்டு, தோழர்கள் ஆறு பேரோடு அனுப்பப்பட்டவர். பறிக்கப்பட்ட 'பாஷா' பட்டத்தை நாம் அவருக்குத் திருப்பிக் கொடுத்தோம். நல்லது. ஆனால், எந்தக் கலகத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டாரோ அந்தக் கலகத்தை அவரிடமிருந்து நாமே பறித்துவிட்டோம். இக்கட்டுரையின் குற்றச்சாட்டு அதுதான். குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியவர்கள் எழுதுகிற நாம்.

கதை கடனில் தொடங்குகிறது. 1869 நவம்பரில் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபோது கெதீவ் இஸ்மாயில் ஐரோப்பிய அரச குடும்பத்தாரை அழைத்து விருந்து வைத்தார். கால்வாயைத் தோண்டத் தொடங்கியவர்களோ கட்டாய ஊழியத்துக்குப் பிடித்துவரப்பட்ட ஏழைக் குடியானவர்கள். மாளிகைக்கும் ரயில் பாதைக்கும் கால்வாய்க்குமாக இலண்டனிலும் பாரிஸிலும் வாங்கிய கடன் மலையாகக் குவிந்தது. 1875இல் கால்வாய்க் கம்பெனியில் எகிப்துக்கு இருந்த 176,602 பங்குகளையும் ஏறத்தாழ 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானியாவிடம் விற்றார் கெதீவ். அடுத்த வருடமே திறைசேரி முறிந்தது. கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதிகள் கெய்ரோவில் ஒரு கடன் ஆணையம் அமைத்து உட்கார்ந்துகொண்டார்கள். நாட்டின் வரவுசெலவைக் கண்காணிக்க ஒரு ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் நியமிக்கப்பட்டார்கள். வருமானத்தில் ஏறத்தாழ அரைவாசி கடனுக்கே போனது. 1878இல் மேல் எகிப்து பஞ்சத்தில் கிடந்தது. வட்டி மட்டும் தவணை தவறாமல் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1879இல் சிக்கனம் என்ற பெயரில் 2,500 இராணுவ அதிகாரிகள் அரைச் சம்பளத்துக்குத் தள்ளப்பட்டனர். அதே வருடம் முரண்டுபிடித்த இஸ்மாயிலும் நீக்கப்பட்டார். நீக்கும் கட்டளையில் ஒப்பமிட்டவர் இஸ்தான்பூலின் சுல்தான். ஒப்பமிட வைத்தவர்கள் ஐரோப்பியர்.

ஒராபி இந்த மண்ணிலிருந்து எழுந்தவர். ஸகாஸீக்குக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்து, அல்அஸ்ஹரில் ஓதி, படையில் சேர்ந்து கேர்ணல் ஆனவர். உயர்பதவிகள் எல்லாம் துருக்கிய, சர்க்கேசிய வம்சத்தாருக்கு என்றிருந்த படையில் அறபு பேசும் குடியானவனின் மகன் அவ்வளவு உயர்ந்ததே பெரிய காரியம். 1881 செப்டெம்பர் 9ஆம் திகதி அவர் தனது படைகளோடு ஆப்தீன் மாளிகை முன்றலில் போய் நின்றார். மந்திரிசபை விலக வேண்டும், மக்கள் பிரதிநிதிகளின் சபை கூட்டப்பட வேண்டும், படையின் தொகை 18,000 ஆக உயர்த்தப்பட வேண்டும் என்பன கோரிக்கைகள். கூட்டப்பட்ட சபை வரவுசெலவுத் திட்டத்தில் வாக்களிக்கும் உரிமையைக் கேட்டது. கடனுக்கு ஒதுக்கிய பகுதியை விட்டுவிட்டு மீதிப் பணத்தில் மட்டும்தான் கேட்டது. அதையும் ஐரோப்பா பொறுக்கவில்லை. 1882 ஜனவரியில் பிரித்தானியாவும் பிரான்சும் கூட்டு எச்சரிக்கை விடுத்தன. ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கப்பல்கள் அலெக்ஸாந்திரியாவைப் பீரங்கியால் தாக்கின. செப்டெம்பர் 13ஆம் திகதி தல் அல்கபீரில் ஒராபியின் படை முறியடிக்கப்பட்டது. பிரதமர் கிளாட்ஸ்டனின் சொந்தச் சேமிப்பிலேயே எகிப்தின் வருமானத்தை ஈடாகக் கொண்ட கடன் பத்திரங்கள் கணிசமாக இருந்தன என்பதையும் சேர்த்து வாசித்தால், அந்தக் குண்டுகள் யாருடைய கணக்கைத் தீர்க்க விழுந்தன என்பது விளங்கும்.

இங்கே நம்மவர்களுக்குக் கசக்கும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். தல் அல்கபீர் போருக்குச் சில நாட்களுக்கு முன் ஒராபியைக் கலகக்காரர் என்று பிரகடனம் செய்தவர் யார்? கலீபா அப்துல் ஹமீத். கலீபாவின் பெயரால் போராடுவதாக நம்பிய ஒரு படையின் முதுகில் கலீபாவின் பிரகடனம் குத்தியது. 1924இல் கிலாபத் ஒழிக்கப்பட்டதற்காக நாம் எழுதிய ஒப்பாரிகளுக்குக் குறைவில்லை. அவை அத்தனையும் சிம்மாசனத்துக்கான கண்ணீர். சிம்மாசனம் கைவிட்ட குடியானவனுக்காக எத்தனை வரி எழுதியிருக்கிறோம்? ஏகாதிபத்தியத்தின் சதி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அந்தச் சதிக்கு நமது மாளிகைகளிலிருந்தே திறக்கப்பட்ட கதவுகளைப் பார்க்கத் தேவையில்லாமல் போகிறது. அந்தச் சௌகரியத்தைத்தான் நாம் வரலாறு என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

தற்காலிகமாகவே தங்குகிறோம் என்று சொல்லி நுழைந்த பிரித்தானியப் படை கடைசியாக வெளியேறியது 1956 ஜூனில். எழுபத்துநான்கு வருடத் தற்காலிகம். இடையில் உலக யுத்தம் வந்தது. 1914 நவம்பரில் எகிப்தில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. யுத்தத்தின் சுமையைப் பிரித்தானியாவே தாங்கும், எகிப்தியரின் உதவி கோரப்படமாட்டாது என்று ஜெனரல் மக்ஸ்வெல் அறிவித்தார். டிசம்பரில் நாடு பிரித்தானியப் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. பிறகு நடந்ததைப் பாருங்கள். குடியானவனின் ஒட்டகமும் கழுதையும் தானியமும் எடுக்கப்பட்டன. கடைசியில் அவனே எடுக்கப்பட்டான். இலட்சக்கணக்கானோர் எகிப்தியத் தொழிற்படையில் சேர்க்கப்பட்டனர். முதலில் கூலி காட்டி அழைத்தார்கள், பின்னர் கிராமங்களில் ஆள்பிடித்தார்கள். சினாய்ப் பாலைவனத்தின் குறுக்கே ரயில் தண்டவாளமும் தண்ணீர்க் குழாயும் போட்டவர்கள் அவர்கள்.

அந்தத் தண்டவாளம் எங்கே போனது? காஸாவை நோக்கிப் போனது. 1917 டிசம்பரில் ஜெனரல் அலன்பி பைத்துல் முகத்தஸுக்குள் நுழைந்தது அந்தப் பாதையின் பலத்தில். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்தான், நவம்பர் 2ஆம் திகதி, பல்போர் பிரகடனம் வெளியாகியிருந்தது. பலஸ்தீனத்தைப் பற்றி எழுதாத கவிஞர் நமது வட்டத்தில் இல்லை. அந்தக் கவிதைகளில் கல்லும் கவணும் ஸைத்தூன் மரமும் வருகின்றன. 1876இன் கடன் பத்திரமும், கையில் மண்வெட்டி திணிக்கப்பட்ட எகிப்தியக் குடியானவனும் வருவதில்லை. இவை இல்லாமல் எழுதப்படும் பலஸ்தீனம் வானத்திலிருந்து விழுந்த ஒரு சோகமாகத்தான் இருக்கும். காரணம் தெரியாத சோகத்துக்கு அழலாம், அதை எதிர்க்க முடியாது.

குடியானவனோ அழுதுகொண்டிருக்கவில்லை. 1919 மார்ச் மாதம் ஸஅத் ஸக்லூல் கைதுசெய்யப்பட்டு மால்டாவுக்கு அனுப்பப்பட்டதும் எகிப்து எழுந்தது. மாணவர்கள், சட்டத்தரணிகள், டிராம் தொழிலாளர்கள், முஸ்லிம்கள், கொப்திக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் வீதிக்கு வந்தார்கள். ஹுதா ஷஅராவி போன்ற பெண்கள் ஊர்வலம் போனார்கள். கிராமத்தவர்கள் ரயில் பாதைகளைப் பெயர்த்தெறிந்தார்கள். யுத்தகாலம் முழுவதும் தங்கள் தானியத்தையும் தங்கள் பிள்ளைகளையும் ஏற்றிச்சென்ற பாதைகள் அவை. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். தேசங்களின் சுயநிர்ணயம் பேசிய ஜனாதிபதி வில்சன், ஏப்ரலில் பிரித்தானியப் பாதுகாப்பாட்சியை அங்கீகரித்தார். 1922இல் கிடைத்ததும் நான்கு நிபந்தனைகள் கட்டிய அரைச் சுதந்திரம்தான்.

இப்போது நமது தீவுக்கு வருவோம். அதே யுத்தத்தின்போது அதே பேரரசு இங்கும் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1915 மே இறுதியில் கண்டியில் மூண்ட கலவரத்தில் தாக்கப்பட்டவர்கள் நாம். நமது உயிர்கள் போயின, கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் உடைக்கப்பட்டன. இதில் எனக்குச் சமாதானம் எதுவும் இல்லை. அப்போது சிங்களத் தலைவர்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் வாதாடியதை நாம் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கவும் வேண்டாம். ஆனால், விசாரணையின்றிச் சுட்டுத்தள்ளிய அந்த இராணுவச் சட்டத்தை நமக்கான நீதி என்று எண்ணி நன்றி பாராட்டிய மனநிலையை நாம் ஒருபோதும் கேள்விக்குட்படுத்தவில்லை. ஜூலையில் ஹென்றி பேதிரிஸைச் சுட்டுக்கொன்ற துப்பாக்கி நமது பாதுகாப்புக்காக வெடிக்கவில்லை. யுத்த காலத்தில் ஒரு காலனியின் அமைதிக்காக வெடித்தது. சிறுபான்மைக்கு ஆட்சியாளரே அரண் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் நம்மில் ஊறியது. அதன் விலையைப் பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பத்து வருடங்களுக்கு முன், 1905இல், இதே சமூகம் வீறுகொண்டு எழவும் செய்தது. சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு நீதிமன்றத்தில் வழக்குரைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டபோது மருதானையில் பெருங்கூட்டம் திரண்டது. மானத்துக்கான போராட்டம், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தொப்பியை நமக்குத் தந்ததாக நாம் சொல்லும் மனிதர் அந்தத் தொப்பிக்காகவா தல் அல்கபீரில் நின்றார்? தலையில் எதை அணிவது என்பதற்கு அப்பால், வரிப்பணத்தை யார் தீர்மானிப்பது என்று கேட்டவரல்லவா அவர்?

இலக்கியக்காரருக்கு இன்னும் நெருக்கமான ஒரு வழக்கு இருக்கிறது. ஒராபியோடு நாடுகடத்தப்பட்ட அறுவரில் ஒருவர் மஹ்மூத் சாமி அல்பாரூதி. 1882இல் எகிப்தின் பிரதம மந்திரியாக இருந்தவர், நவீன அறபுக் கவிதையின் மறுமலர்ச்சியை ஆரம்பித்தவராகப் போற்றப்படுபவர். கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். ஊரில் மனைவி இறந்த செய்தி இங்கேதான் அவரை வந்தடைந்தது. அவளுக்கான புகழ்பெற்ற இரங்கற்பா இந்தத் தீவில் பிறந்தது. பார்வை மங்கி, 1899இல் நாடு திரும்பி, 1904இல் காலமானார். ஸரந்தீபின் மண்ணில் எழுதப்பட்ட அந்தக் கவிதைகளை நமது அறபுக் கல்லூரிகளிலிருந்து வெளியேறும் மௌலவிமாரில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? கெய்ரோவிலிருந்தும் பெய்ரூத்திலிருந்தும் கவிதை மொழிபெயர்க்கும் நாம், கண்டியில் எழுதப்பட்ட அறபுக் கவிதையைத் தமிழில் ஒரு தொகுதியாக வைத்திருக்கிறோமா?

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கவிஞர். 1901இல் ஒராபி எகிப்துக்குத் திரும்பியபோது கெதீவின் அரசவைக் கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை ஏளனம் செய்து பாடினார். திரும்பி வந்தவர் ஆங்கில நிர்வாகத்தைப் பாராட்டியதால் இளைய தேசியவாதிகளும் சினந்தார்கள். பதினெட்டு வருட வனவாசம் மனிதரைத் தளர்த்தியிருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரண்மனையில் அமர்ந்துகொண்டு தோற்றவனைச் சிரித்த கவிதையையும், தோற்று நாடிழந்து தீவொன்றில் எழுதிய கவிதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு சமூகமே தனது எழுத்தாளன் எங்கே நிற்கிறான் என்பதைக் கண்டுபிடிக்கும்.

முன்னோர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். ஒராபி வந்திறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1882 டிசம்பரில், சித்தி லெப்பை 'முஸ்லிம் நேச'னைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திரம்' எகிப்தில் தொடங்கும் கதை. தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்று ஏன் எகிப்தைத் தேடிப் போனது என்பதை நமது திறனாய்வாளர்கள் அரசியலாக வாசிக்க வேண்டும்.

2022 ஏப்ரலில் இந்த நாடு தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. 1876 வேறு, 2022 வேறு. பீரங்கிக் கப்பல் எதுவும் வரவில்லை. ஆனால் யார் வாங்கிய கடனை யார் கட்டுவது, அதைத் தீர்மானிக்கும் மேசையில் மக்கள் பிரதிநிதிக்கு என்ன இடம் என்ற கேள்விகள் ஆப்தீன் முன்றலில் கேட்கப்பட்டவைதாம். அந்தக் கேள்விக்காகத் தண்டிக்கப்பட்ட மனிதரைப் பதினெட்டு வருடம் நமது மத்தியில் வைத்திருந்த சமூகம் நாம். பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் நமது பேனாக்களில் ஒன்றாவது அவரை நினைத்திருக்க வேண்டாமா?

அடுத்த ஒராபி விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் உரை எகிப்தின் கடனைப் பற்றியதாக இருக்கட்டும். இரண்டாவது உரை தண்டவாளம் போட்ட குடியானவனைப் பற்றியதாக இருக்கட்டும். மூன்றாவதாக, கண்டியில் எழுதப்பட்ட பாரூதியின் கவிதை ஒன்றை யாராவது தமிழில் வாசிக்கட்டும். நேரம் மிஞ்சினால் தொப்பியைப் பற்றியும் பேசலாம்.