குடிச்சிட்டு எழும்புங்க



பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த ஒரு பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. கட்டிலில் நான்கு பேர், பாயில் ஆறு பேர், இஸ்தோப்பில் இன்னும் சிலர். தட்டில் வந்த கோப்பைகளில் இரண்டுகூட சோடி சேரவில்லை. என் கோப்பையின் அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி.

"அது மூணாங் காம்பரா கோப்பை சார். மாறிப் போகாம இருக்க வச்ச அடையாளம்" என்றார் பிள்ளையின் தாய். பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தது ஒரு வீடு, கோப்பை கொடுத்தது நாலு வீடு, வடை சுட்டது எதிர் லயம்.

இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. நான் பாதி குடிப்பதற்குள் பக்கத்துப் பெரியவர் எழுந்துவிட்டார். "வெளிய ஆள் நிக்குது தம்பி. நாம எழும்புனாத்தானே அவங்க உக்காரலாம்."

கிறீன்லாந்தின் 'கஃபெமிக்' பற்றி அண்மையில் படித்தபோது அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். பிறந்தநாள், பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முதல் நாள், ஒரு சிறுவன் முதன்முதலாகக் கடல்நாய் வேட்டையாடிய நாள் என்று எதுவானாலும் அங்கே வீட்டைத் திறந்துவைத்து ஊரைக் கோப்பிக்கு அழைப்பார்கள். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். கோப்பி, கேக், கொஞ்சம் பேச்சு. பிறகு அடுத்து வருபவருக்கு இடம் விட்டுக் கிளம்ப வேண்டும். கோப்பிச் செடி முளைக்காத பனிநாடு அது. டேனிஷ்காரரின் கப்பலில் வந்திறங்கிய கோப்பிதான் இன்று அவர்களின் கொண்டாட்டம்.

நம் முன்னோரைக் கடல் தாண்டி இந்த மலைகளுக்குக் கொண்டுவந்ததும் கோப்பிதான். 1869இல் மடுல்சீமையில் இலைகளில் கண்ட செம்மஞ்சள் துரு, சில பத்தாண்டுகளில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது பறிக்கும் ஊவாக் கொழுந்தின் மணத்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. அது கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. லயத்துக் கேத்தலில் கொதிப்பது பெரும்பாலும் தூள்தான்.

நெருக்கடியை அழகென்று சொல்ல வரவில்லை. வந்தவரெல்லாம் ஒன்றாக உட்காரக்கூடிய தனிவீடும் சொந்தக் காணியும் நம் மக்களுக்கு வேண்டும். கிடைக்கும்வரை கேட்கத்தான் வேண்டும். கிடைத்தபின் கோப்பைகளும் சோடி சோடியாக வாங்கலாம். ஆனால் அன்றைக்கும், பக்கத்து வீட்டில் விசேஷமென்றால் அடியில் புள்ளி வைத்து நாலு கோப்பை அனுப்புவோமா?

உங்கள் வீட்டுக் கோப்பைக்கு என்ன அடையாளம்? எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்