திரும்பிப் போகாதவர்கள்

'செபம் பண்ணுறவன் எப்படித் தோழர் போராடுவான்?' கூட்டத்துக்குக் கூட்டம் நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான்.

கந்தமாலைப் பாருங்கள். 2008 ஆகஸ்டு 23இல், அன்றைய ஒரிசாவில், இந்துத்துவத் தலைவர் லட்சுமணானந்த சரசுவதி கொல்லப்பட்டார். கொன்றது நாங்கள்தான் என்றார்கள் மாவோயிஸ்டுகள். எரிந்ததோ பாணோ தலித்துகள், கந்தப் பழங்குடிகளின் கிறித்தவ வீடுகள். 50,000 பேருக்கு மேல் காட்டுக்கும் முகாமுக்கும் ஓடினார்கள். ஊர் திரும்பணுமா, இந்துவா மாறிட்டு வா என்றது கும்பல்.

பாணோக்கள் கிறித்தவரானதாலேயே பட்டியல் சாதி உரிமையை இழந்தவர்கள். 1950ஆம் ஆண்டு ஆணையின் கைங்கரியம். தலையாட்டினால் வீடும் உண்டு, சலுகையும் உண்டு. உயிருக்குப் பயந்து ஆட்டியவர்களைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் ஆட்டாமல், அந்த வருசக் கிறிஸ்துமசை முகாமிலேயே கழித்தவர்கள் எத்தனையோ பேர். பாங்கில் பேரேடு எழுதுகிறவன் நான். எந்த லாப நட்டக் கணக்கிலும் இது வரமாட்டேங்குது. இதையா அபின் என்பது?

அதுக்காகத் திருச்சபைக்கு மாலை போட வேண்டாம். அதே 2008 மார்ச்சில் நம்ம எறையூரில், தனிப் பங்கு கேட்டு உண்ணாவிரதம் இருந்த தலித் கிறித்தவர்களின் வீடுகளை நொறுக்கியது வேற்று மதத்தான் இல்லை. அதே செபமாலையை உருட்டுகிற சாதிக் கிறித்தவன். போலீஸ் சுட்டதில் ஆதிக்கச் சாதியார் இருவர் செத்தார்கள். அந்தச் சாவில் நமக்கு மகிழ்ச்சியில்லை.

எறையூர் சனங்க அப்போதும் சிலுவையை வீசிவிட்டுப் போகவில்லை. எங்க சகாய மாதா கோயிலைப் பங்காக்கு என்றுதான் கேட்டார்கள். அந்த உண்ணாவிரதப் பந்தலில் நம்மில் எத்தனை பேர் போய் உட்கார்ந்தோம், தோழர்?